ஆர்.எஸ். என்ற சந்தேக நபர்

கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னதுதான் விமலநாதன் செய்த பிழை. சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், அதுவும் கண்டியிலிருந்து திகனைக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வைத்துச் செய்தபடியால், அது லேசில் மன்னிக்கக்கூடிய பிழையாக இருக்கவில்லை.

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பேராதனையில் பொறியியல் படித்து, கண்டியிலேயே வேலையும் வாடகை வீடும் மனைவியுமாகத் தங்கிப்போனவர். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, பதிந்ததற்கான துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெருவில் போகும்போது இரண்டு கைகளும் வெளியே தெரியும்படி நடக்கப் பழகியவர். திகனைக்கு அப்பால் ஒரு குடிநீர்த் திட்டத்துக்கு அவர்தான் பொறியியலாளர்.

திட்டத்தில் சிக்கல் ஒன்றும் கிடையாது. மகாவலிக் கரையில் பம்பு, குன்றின் உச்சியில் தொட்டி. பம்படியில் ஒரு பி.எல்.சி., தொட்டியடியில் ஒரு பி.எல்.சி. பி.எல்.சி. என்றால் மோட்டரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கிற சின்னக் கணினி. கீழே இருப்பது மேலே இருப்பதிடம் ஒரு கம்பி வழியாகத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும். மேலே இருப்பது பதில் சொல்லும். குறைவென்றால் பம்பு ஓடும், நிறைந்துவிட்டால் நிற்கும். இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே கீழ் பி.எல்.சி.யின் விலாவில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டி பொருத்தியிருந்தார்கள். சித்திரை மாதத்து இடி ஒன்று அந்தப் பெட்டியைச் சுட்டுவிட்டது.

புதியது வரும்வரைக்கும் தொட்டிக் காவலாளி அழகையாதான் பெட்டியின் வேலையைப் பார்த்தார். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். தொட்டிமேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குன்றின் விளிம்பில் வந்து நின்று துவாயை ஆட்டுவார். மேலும் கீழும் ஆட்டினால் பம்பை ஓட்டவேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் நிறுத்தவேண்டும். ஊருக்கு ஒழுங்காகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

புதிய பெட்டி கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்து சேர்ந்த அன்று, அதை எடுத்துக்கொண்டு லாபிரின் வேனில் விமலநாதன் பம்படிக்குப் புறப்பட்டார். லாபிர் திகனைக்காரர், திட்டத்துக்கு வாடகைக்கு ஓடுபவர். சாவடியில் நின்ற சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்தபோது, "மோட்டர் சாமான், மாத்தயா" என்றார் லாபிர். சிப்பாய் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். காட்டிய கை கீழே இறங்குவதற்கு முன், விமலநாதனின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்து, சும்மா ஒரு பேச்சுக்கு, "அது என்ன?" என்று கேட்டான்.

"சீரியல் கொமியூனிகேஷன் மொடியூல்" என்றார் விமலநாதன்.

சிப்பாய்க்கு அந்த மூன்று சொற்களில் நடுவில் இருந்தது மட்டும் தெரிந்திருந்தது. அவன் கோப்ரலைக் கூப்பிட்டான். கோப்ரல் அடையாள அட்டையைப் பார்த்தான், பிறந்த இடத்தைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.

"யாரோடு கொமியூனிகேஷன்?"

"இன்னொரு பெட்டியோடு."

"அது எங்கே இருக்கிறது?"

"மலை உச்சியில்" என்றார் விமலநாதன். அதுவும் சரியான பதில்தான்.

பெட்டியை அவர்கள் வைத்துக்கொண்டு, அவரை மாலைவரை வெயிலில் நிற்கவைத்துப் பிறகு போகவிட்டார்கள். திரும்பி வந்து வீட்டு வாசலில் வேனை நிறுத்திய பிறகுதான் லாபிர் சொன்னார்:

"சேர், நான் மோட்டர் சாமான்னு சொல்லி வேலைய முடிச்சிட்டேன். அவனும் போகச் சொல்லிட்டான். நீங்க எதுக்கு வாயத் தொறந்தீங்க?"

"கேட்டான், சொன்னன்."

"கேக்குறது அவன்ட வேல சேர். சொல்றது நம்மட வேல இல்ல."

பெட்டி, மலைநாட்டுத் தொடர்பாடல் உபகரணப் பரிசீலனைச் சபைக்கு அனுப்பப்பட்டது. இப்படி ஒரு சபை இருப்பது விமலநாதனுக்கு அதுவரை தெரியாது. வாவிக்கு மேலே, பழைய துரை ஒருவரின் பங்களாவில் அது இயங்கியது. சபைக்குத் தொலைபேசி இருக்கவில்லை. தொலைபேசி ஒரு தொடர்பாடல் உபகரணம் என்பதால் அதற்குச் சபையின் அனுமதி வேண்டும். சபை கொடுத்த விண்ணப்பம் சபையின் பரிசீலனையில் இருந்தது. அதனால் விசாரணைக்கு வரச்சொல்லும் தகவலை ஒரு பியூன் சைக்கிளில் கொண்டுவந்து, அயலவர்கள் கேட்கும்படியாக வாசலில் நின்று வாசித்துவிட்டுப் போனான்.

தலைவர் ஓய்வுபெற்ற மேஜர் வேரகொட. தடித்த மனிதர், மெதுவாகப் பேசுவார். அவருக்கு வலப்பக்கத்தில் ஒரு செயலாளர் எழுதிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பரமநாதன் உட்கார்ந்திருந்தார். அவரும் யாழ்ப்பாணத்தவர், இளைப்பாறும் வயதை எட்டிக்கொண்டிருந்த அரசாங்க உத்தியோகத்தர். எதிரே வருபவர் எந்த ஊர் என்று ஒருபோதும் கேட்கமாட்டார். திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

விமலநாதனுக்குச் சிங்களம் நன்றாக வரும். சிங்களத்திலேயே வணக்கம் சொன்னார். தலைவர் கையை உயர்த்தினார்.

"பொறுங்கள். தமிழர்களின் சாட்சியத்தை மொழிபெயர்ப்பாளர் மூலமாகத்தான் சபை பெற்றுக்கொள்ளும். அது உங்கள் உரிமை. நாங்கள் அதை மீறமாட்டோம்."

ஆகவே விமலநாதன் சிங்களத்தில் சொன்னதைப் பரமநாதன் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விமலநாதனுக்கே வெட்கமாகிப்போய்த் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

தலைவர் முதலில் ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். புதிதாக வருபவர்களுக்கு அதை எப்போதும் சொல்வாராம்.

"இந்த நாட்டின் பிரச்சினை என்ன? ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள். பேசுவதால் திட்டம் பிறக்கிறது. இந்தச் சபை அமைக்கப்பட்டதிலிருந்து மலைநாட்டில் பேச்சு எவ்வளவோ குறைந்துவிட்டது. கணவனும் மனைவியும்கூட இப்போது யோசித்துத்தான் பேசுகிறார்கள். இதை ஒரு சாதனை என்று நான் சொல்லமாட்டேன். மற்றவர்கள் சொல்லலாம்."

செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு விசாரணை தொடங்கியது.

"இந்தப் பெட்டி என்ன மொழி பேசும்?"

"மொட்பஸ் எண்டு ஒரு முறை இருக்கு."

தலைவர் பரமநாதனைப் பார்த்தார். பரமநாதன் தனக்குத் தெரியாது என்று அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"அரசியலமைப்பில் அப்படி ஒரு மொழி இல்லை. அதைப் பேசுகிறவர்கள் எந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்?"

"அது ஆக்கள் பேசுற மொழி இல்லை, ஐயா. மெஷின் பேசுறது."

"ஆட்களுக்கு விளங்காத மொழி" என்று தலைவர் செயலாளருக்கு எழுதக் கொடுத்தார். பிறகு பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டில் அச்சடித்திருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். RS-485 என்று அதில் இருந்தது.

"இந்த ஆர்.எஸ். யார்?"

"ஆள் இல்லை, ஐயா. கம்பியில எந்த அளவு மின்சாரம் போகவேணும் எண்ட முறைக்கு அப்பிடிப் பேர்."

"முதலெழுத்து ஆளுக்குத்தான் இருக்கும், முறைக்கு இருக்காது. நானூற்று எண்பத்தைந்து அவனுடைய இலக்கம். அப்படித்தானே?"

இந்த இடத்தில் விமலநாதன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் பொறியியலாளர். பிழையான ஒன்று மேசைமேல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஏலாது. "இல்லை ஐயா, இது பொதுவான பேர். ஆர்.எஸ். இருநூற்றி முப்பத்திரண்டு எண்டு ஒண்டு இருக்கு. நானூற்றி இருபத்திரண்டு எண்டும் இருக்கு" என்று விளக்கினார்.

செயலாளரின் பேனை வேகம் பிடித்தது. தலைவர் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"ஆக, மூன்று பேர்" என்றார்.

வெளியே வரும்போது பரமநாதன் விறாந்தையில் ஒரு தூணை நோக்கித் திரும்பி நின்றபடி, உதடு அசையாமல் சொன்னார்: "தம்பி, நீங்கள் ஒரு வசனம் சொன்னால் நான் ரெண்டு சந்தேகத்தை மொழிபெயர்க்க வேண்டிக் கிடக்கு. குறைச்சுச் சொல்லுங்கோ."

அன்று பின்னேரம் நடந்ததையெல்லாம் மனைவி கமலாசனியிடம் சொன்னார். அவள் அவருடைய சின்னப் பையில் இரண்டு சாரமும் ஒரு துவாயும் பற்பசையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டு போவதென்றால் நேரம் தரமாட்டார்கள் என்று எப்போதும் சொல்வாள். பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"உண்மையாத்தான் கேக்கிறன். உங்களுக்கு ஆர்.எஸ். எண்டு ஆரையும் தெரியாதோ?"

அதுதான் அவருக்கு மிகவும் வலித்தது.

ஆனால் ஆர்.எஸ். என்று ஒருவரை அவருக்குத் தெரிந்திருந்தது. யோசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த வாரமே ஜீப் ஒன்று குன்றில் ஏறி, தொட்டிக் காவலாளியை ஏற்றிக்கொண்டு இறங்கியது. அவருடைய முழுப்பெயர் ராமையா சுப்பையா அழகையா. சம்பளப் பட்டியலில் ஆர்.எஸ். அழகையா. போதாததற்கு, அந்த மனிதர் தினமும் மலை விளிம்பில் நின்று ஆற்றுப் பக்கமாகத் துவாயை ஆட்டியதைக் கண்ட சாட்சிகளும் இருந்தார்கள். ஊர் முழுக்க அதைக் கண்டிருந்தது.

அழகையாவின் மனைவி லீலாதேவி அடுத்த நாள் பம்படிக்கு வந்தாள்.

"பேருக்கு முன்னால ரெண்டு எழுத்து இருக்குன்னு கூட்டிட்டுப் போய்ட்டாங்க, சார். அவரு அந்த எழுத்த எழுதுறதே இல்ல. ஆபிஸ்லதான் போட்டாங்க" என்றாள். "கேம்புக்குப் போயி, உள்ளதான் இருக்காரான்னு கேட்டேன். ஒரு கேட்ல கேட்டா இன்னொரு கேட்டுக்குப் போகச் சொல்றாங்க. எங்கயும் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நீங்க ஒரு தடவ கேட்டுப் பாக்குறீங்களா சார்?"

அவர் கேட்டார். கேட்டதற்காக அவரிடம் இன்னொரு தடவை பதிவுத் துண்டைக் கேட்டார்கள்.

இதற்கிடையில் குன்றுக்குச் சபை முத்திரை வைத்தது. சந்தேக நபர் நின்ற இடம் சான்றுப்பொருள் என்றார்கள். தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, வாயிலில் அரக்கு ஒட்டினார்கள். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க இனி யாரும் ஏறக்கூடாது. பார்க்காமல் பம்பை ஓட்டினால் தொட்டி நிரம்பி வழிந்து அரக்கு அழிந்துபோகும். முத்திரையை அழிப்பது குற்றம். எனவே பம்பை ஓட்டவே கூடாது என்று பியூன் வந்து வாசித்தான்.

ஊர்க் குழாய்கள் முதலில் இருமின, பிறகு அடங்கிவிட்டன. பாடசாலையைப் பாதி நாளோடு மூடினார்கள். சனம் தண்ணீர்க் கான்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கியது; ஆற்றுக்கு இறங்குகிறவர்களை ஏன் இறங்குகிறார்கள் என்று சாவடியில் விசாரித்தார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஹவுல் வறண்டு, தொழ வருகிறவர்கள் போத்தலில் தண்ணீர் கொண்டுவருவதாக லாபிர் சொன்னார். போத்தல் கொண்டுவருகிறவர்களையும் யாரோ எண்ணிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அயல்வீட்டுக்காரர்கள் விமலநாதனைக் கண்டால் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள். அவருக்கும் அவர்கள் என்ன பேசினார்கள் என்று சந்தேகமாக இருந்தது. வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் அவர் முதலில் யன்னலால் பார்த்தார். தன் வாயிலிருந்து வரப்போகும் ஒவ்வொரு சொல்லையும், அதில் ஒளிந்திருக்கக்கூடிய இன்னொரு கருத்தைத் தேடிப் புரட்டிப் பார்த்த பிறகே வெளியே விட்டார்.

இரண்டாவது விசாரணையில் சபை பெட்டியையே விசாரிக்கத் தீர்மானித்திருந்தது. மேசையின் நடுவில் வெள்ளைத்துணி விரித்து அதை வைத்திருந்தார்கள். அதற்கு மின்சாரம் கொடுக்கும்படி சொன்னார்கள். பம்படியிலிருந்து கொண்டுவந்த பி.எல்.சி.யோடு சேர்த்து விமலநாதன் கொடுத்தார். பெட்டியின் முகத்தில் ஒரு சிறு பச்சை விளக்கு மின்னி அணைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மின்னியது.

"என்ன செய்கிறது?"

"தொட்டியடியில இருக்கிறதைக் கூப்பிடுது, ஐயா."

"அது இங்கே இல்லையே."

"இல்லை. அதனாலதான் திரும்பத் திரும்பக் கூப்பிடுது."

சபையினர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கேட்கிறது?" என்றார் தலைவர்.

"தண்ணி எவ்வளவு இருக்கெண்டு கேக்குது. அது அந்த ஒண்டைத்தான் கேக்கும்."

பரமநாதன் இதை மொழிபெயர்த்தார். தலைவர் முன்னால் குனிந்தார்.

"நாற்பது வருடம் சேவை செய்தவன் நான். ஒரு விஷயத்தை மட்டும் கேட்கிறவனை நான் கண்டதில்லை. மற்றதை எங்கே மறைத்து வைத்திருக்கிறது?"

பெட்டி மறுபடியும் மின்னியதே தவிர, அதைச் சொல்லவில்லை. ஒத்துழைக்க மறுக்கிறது என்று பதிந்துகொண்டு, அதை மேலதிக விசாரணைக்குத் தடுத்துவைக்கச் சபை உத்தரவிட்டது.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது லாபிரும் கூட வந்தார். விறாந்தை வாங்கில் இருவரும் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த ஒரு ஹோட்டல் முதலாளி, இரண்டு ஆட்கள் தூக்கிவந்த பெரிய வானொலிப் பெட்டியோடு நேரே உள்ளே போனார். அன்டெனா மட்டும் ஓர் ஆள் உயரம் இருந்தது. அதைக் கொண்டு யாரோடும் எங்கேயும் பேசலாம் என்று விமலநாதனுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. திறந்திருந்த யன்னல் வழியாகத் தலைவரின் குரல் கேட்டது:

"நீங்கள் ஏன் சிரமப்பட்டு வந்தீர்கள்? அமைச்சர் சிபாரிசு செய்திருக்கிறாரே. சிபாரிசு உள்ள பொருளை இந்தச் சபை சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்கத் தொடங்கினால் அதற்கு ஒரு முடிவே இருக்காது."

வானொலிப் பெட்டி தேநீர் குடிக்கிற நேரத்தில் வெளியே வந்தது.

"பாத்தீங்களா சேர்" என்றார் லாபிர். "சாமான் என்னன்னு இவங்க பாக்குறதே இல்ல. பின்னால யாரு நிக்கிறாருன்னுதான் பாக்குறாங்க."

விமலநாதன் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்தில் ஒரு பரீட்சைக்காகப் பாடமாக்கி, பிறகு ஒரு நாளும் தேவைப்படாமல் போன ஒரு விஷயம் அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது.

உள்ளே போனதும், கேட்பதற்கு முன்பே வாய் திறந்தார். எல்லாவற்றையும் எடைபோட்டுச் சொன்னார்.

"ஐயா, இந்தப் பெட்டி எப்பிடி வேலை செய்யுதெண்டு நான் போன முறை சரியாச் சொல்லேல்லை. இது ஒரு விசாரணை அதிகாரி. கம்பியில இருக்கிற மற்ற எல்லாரும் இதுக்குக் கீழ. கேட்டால்தான் அவை பேசலாம். தங்களுக்குள்ள பேசவே ஏலாது. இது ஒருத்தரை மாறி ஒருத்தராக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வந்தால், அதில ஏதும் கோணல் இருக்கோ எண்டு பாக்கும். பதில் வராட்டி, அவர் பிழை எண்டு குறிச்சுவைக்கும். ஏன் பதில் வரேல்லை எண்டு யோசிக்காது."

பரமநாதன் மொழிபெயர்த்து முடித்தபோது தலைவரின் முகம் மலர்ந்திருந்தது. அவர் பெட்டியைக் கையில் எடுத்து, ஒரு நல்ல உத்தியோகத்தனைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டினார்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. இதை உண்டாக்கியவன் நிர்வாகம் தெரிந்தவன். நாங்கள் இவ்வளவு பேர் இருந்து செய்கிறதை ஒரு பெட்டி செய்கிறது, தேநீர்கூடக் கேட்காமல். ஆனால் அந்த ஆர்.எஸ்.?"

"ரெக்கமெண்டட் ஸ்டாண்டர்ட் எண்டதின்ர சுருக்கம், ஐயா."

"ரெக்கமெண்டட்?"

"சிபாரிசு செய்யப்பட்டது."

தலைவர் பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தார். "யாருடைய சிபாரிசு?"

"அமெரிக்காவில ஒரு சங்கத்தின்ர."

தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் பேனையைப் பார்த்தார்.

"அமெரிக்காவின் சிபாரிசு" என்றார் தலைவர், தனக்குத்தானே. பிறகு குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் ஈரத்தோடு கேட்டார்: "அப்படியானால் எங்களிடம் இருக்கிற அந்த மனிதர், ஆர்.எஸ். அழகையா... அவரும்?"

விமலநாதனுக்கு அதற்கும் சரியான பதில் தெரியும். தொண்டைவரை வந்துவிட்டது. அழகையாவின் அப்பா பெயர் சுப்பையா, தாத்தா பெயர் ராமையா, அந்த எழுத்துகள் அவர்களுடையவை என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. அவர் பரமநாதனைப் பார்த்தார். பரமநாதன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமலநாதன் பேசாமல் இருந்தார். வாழ்க்கையிலேயே அவர் செய்த கடினமான காரியம் அதுதான்.

"விளங்குகிறது" என்றார் தலைவர். "உங்களால் சொல்ல முடியாது. நான் வற்புறுத்தமாட்டேன்."

அழகையா அன்று பின்னேரமே விடுவிக்கப்பட்டார். ஜீப்பின் முன் ஆசனத்தில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார்களாம். குன்றின் முத்திரையை அகற்றினார்கள். பெட்டிக்கும் அனுமதி கிடைத்தது. ஒரேயொரு நிபந்தனைதான்: போர்ச் சூழ்நிலையைக் கருத்தில்கொண்டு, மேற்படி தொடர்பாடல் உபகரணம் எக்காரணம் கொண்டும் தொடர்பாடலில் ஈடுபடக்கூடாது. பியூன் அதை வாசித்ததும் விமலநாதன் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். பெட்டியைப் பொருத்தினார். அது உடனே தொட்டியைக் கூப்பிட்டது. தொட்டி, தான் வெறுமையாக இருப்பதாகப் பதில் சொன்னது. பம்பு ஓடத் தொடங்கியது.

மேலே கம்பியைச் சரிபார்க்க விமலநாதன் குன்றில் ஏறியபோது அழகையா தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். இடது கையை மடியிலேயே வைத்திருந்தார். அவரைக் கண்டதும் எழும்ப முயன்றார்.

"இரும், இரும்" என்று விமலநாதனும் பக்கத்தில் உட்கார்ந்தார். தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. சபையில் தான் சொன்ன இலக்கங்களை நினைத்தார். கடைசியில், "உள்ளுக்கு என்ன கேட்டவங்கள், அழகையா?" என்றார்.

"ஒன்னும் கேக்கல, சார்."

"ஒண்டுமே கேக்கேல்லையா?"

"கூட்டிட்டுப் போனாங்க, அடிச்சாங்க, வச்சிருந்தாங்க. யாரும் ஒரு கேள்வி கேக்கல. நான்தான் ஒரு தடவ கேட்டேன், சார். குடிக்கத் தண்ணி."

"தந்தவங்களோ?"

அழகையா கீழே, ஆற்றைத் தாண்டித் தெரிந்த முகாமின் தகரக் கூரைகளைப் பார்த்தார்.

"தர்றதுக்கு அவங்ககிட்டயும் இல்ல, சார். அதுவும் நம்ம தண்ணி லைன்தானே. குழாயத் தொறந்து காட்டுனாரு அந்த சார்ஜன்ட் மாத்தயா. காத்துதான் வந்துச்சு. தொட்டியடியில ஆள் இல்லையாம், எவனோ காவக்காரன் வேலைக்கு வராம இருக்கானாம், அந்த நாய் கையில கெடைச்சா ஒரு வழி பண்ணிடுவேன்னு சொன்னாரு."